ஃபலாங்கினா, க்ரெகோ, ஃபியானோ: நேபிள்ஸ் மேசைக்கு எந்த வெள்ளை ஒயின்?

நேபிள்ஸுக்கோ அமால்ஃபி கடற்கரைக்கோ கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உணவகத்தில் உட்கார்ந்ததும் ஒயின் பட்டியல் வருகிறது. வெள்ளை ஒயின் பக்கத்தைப் புரட்டினால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப நிற்கின்றன: ஃபலாங்கினா, க்ரெகோ தி துஃபோ, ஃபியானோ தி அவெல்லினோ. மூன்றும் இத்தாலியின் தெற்கே காம்பானியா பிராந்தியத்தில் விளைபவை. மூன்றுமே இனிப்பில்லாதவை. புதிதாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே வித்தியாசம் விலைதான். அதனால் "விலை கூடியதை எடுத்தால் தப்பாகாது அல்லவா?" என்று கேட்கிறார்கள்.

தப்பாகும். மட்டி போட்ட ஸ்பகெட்டிக்குப் பக்கத்தில் போன வருடத்து ஃபியானோவை வைத்தால் காசும் கூடுதல், சுவையும் குறைவு. அதே தட்டுக்கு அதைவிட மலிவான ஃபலாங்கினா அவ்வளவு அழகாகப் பொருந்தும். தட்டில் என்ன வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒயினை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் புளிப்பு. காம்பானியச் சமையலில் தக்காளி இல்லாத நாள் அரிது. எலுமிச்சை, வினிகர், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு என்று புளிப்பு வேறு வழிகளிலும் தட்டுக்கு வந்துவிடும். சாப்பாட்டில் இருக்கும் புளிப்பைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால், ஒயின் சப்பென்று போய்விடும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது கனம். சீஸ் உருகி வழிகிற தட்டுக்கும் எண்ணெயில் கனமாகப் பொரித்ததற்கும் முன்னால் மெல்லிய ஒயின் தண்ணீர்போல ஆகிவிடும். பச்சை இறால், எலுமிச்சை பிழிந்த நெத்திலி போன்றவற்றுக்கு முன்னால் கனத்த ஒயின் வந்தால் மீனின் ருசியை அமுக்கிவிடும்.

மூன்றாவது வயது. பாட்டிலில் அச்சடித்திருக்கும் ஆண்டு திராட்சை அறுத்த ஆண்டு. பட்டியலில் விலையைப் பார்க்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த மூன்று ஒயின்களையும் பிரிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாகப் பணம். பாட்டிலின் விலையோடு அது முடிவதில்லை. திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும், எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், அதே பெயரில் சாதாரணச் சரக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதெல்லாம் மறைந்திருக்கும் செலவுகள்.

ஒயினுக்கு இத்தாலி தரும் மிக உயர்ந்த தகுதியான டிஓசிஜி முத்திரையை அளவுகோலாக நான் வைக்கவில்லை. க்ரெகோ தி துஃபோவுக்கும் ஃபியானோ தி அவெல்லினோவுக்கும் 2003-இல் அந்த முத்திரை கிடைத்தது. ஃபலாங்கினா ஒரு படி கீழே டிஓசியில் நிற்கிறது. ஒயின் எந்த ஊரில், எந்தத் திராட்சையில், எந்த விதிப்படி ஆனது என்பதற்கு முத்திரை உறுதி சொல்லும். உங்கள் தட்டில் இருக்கும் கணவாய்க்கு அது பொருந்துமா என்று சொல்லாது.

## ஃபலாங்கினா: கடல் சாப்பாட்டுக்கு

ஃபலாங்கினா என்று நாம் ஒரே பெயரில் கேட்பது உண்மையில் இரண்டு திராட்சைகள். ஒன்று நேபிள்ஸுக்கு மேற்கே கடலோரம் இருக்கும் காம்பி ஃப்ளெக்ரேயின் ஃப்ளெக்ரேயா. மற்றது உள்நாட்டில் பெனவெந்தோ மாவட்டத்தின் பெனவெந்தானா. மரபணுச் சோதனையில் இரண்டும் வேறு வேறு என்று தெரியவந்தது.

காம்பி ஃப்ளெக்ரே எரிமலைப் பூமி. பொத்ஸுவோலி ஊரில் நிலம் மெல்ல உயர்வதும் தாழ்வதும் இன்றும் நடக்கிறது. தோட்டங்களில் மண் தளர்ந்த மணலும் சாம்பலும்தான். அந்த மணலில் ஃபிலாக்ஸெரா பூச்சியால் பிழைக்க முடியவில்லை. ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்து, எல்லோரையும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்ட வைத்த பூச்சி அது. இங்கே பல கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. இந்த ஃபலாங்கினாவில் எலுமிச்சைத் தோல் வாசனையும் உவர்ப்பும் சேர்ந்து வரும். வாயில் கனம் குறைவு, முடிவு சுத்தம்.

பெனவெந்தோ பக்கத்து ஃபலாங்கினா தெல் சான்னியோ இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்பானது. ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ வாசனை. ஃபலாங்கினாவைத் தனித் திராட்சையாகப் பாட்டிலில் அடைத்து அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சாந்தாகத்தா தெ கோத்தி ஊரின் முஸ்தில்லி குடும்பம். ஆண்டு 1979. அதற்கு முன் கலப்பு ஒயினில் கரைந்துபோன திராட்சை அது.

இதன் இடம் கடல் சாப்பாடு. ஸ்பகெட்டி அல்லே வொங்கொலே எப்படி ஆகிறது என்று அடுப்படியில் பாருங்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டு வாசம் வந்ததும் மட்டியைக் கொட்டி மூடுகிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். உள்ளே இருந்த கடல் நீர் எண்ணெயோடு சேர்ந்து வெளிறிய சாறாகும். அதில்தான் பாஸ்தாவின் கடைசி வேக்காடு. மேலே பார்ஸ்லி, அவ்வளவுதான். உப்பும் பூண்டும் மட்டியின் இனிப்புமாக இருக்கும் இந்தச் சாற்றுக்குக் குறுக்கே எதுவும் வரக் கூடாது. காம்பி ஃப்ளெக்ரே ஃபலாங்கினா குறுக்கே வருவதில்லை. ஒரு மிடறு குடித்ததும் வாய் கழுவினாற்போல ஆகி, அடுத்த கவளம் முதல் கவளமாகவே இருக்கிறது.

மிளகு தூவிய கருஞ்சிப்பி, சின்ன மீன்களின் வறுவல், எலுமிச்சையில் ஊறிய நெத்திலி ஆகியவற்றுக்கும் இதுவே. பெரிய வியாழனன்று நேபிள்ஸ்காரர்கள் சாப்பிடும் ஸுப்பா தி கோட்ஸெ என்ற சிப்பி சூப்பில் மிளகாய் எண்ணெய் காரம் உண்டு. காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் ஏறும். அதற்கும் மூன்றில் மெல்லிய ஃபலாங்கினாவைத்தான் எடுப்பேன், நன்றாகக் குளிர்வித்து.

மறைந்த செலவு எங்கே என்றால், பெயர் ஒன்று, தரம் பல. காம்பானியா ஒயினின் பெரும்பகுதி பெனவெந்தோவிலிருந்து வருகிறது. கூட்டுறவு ஆலைகளில் நல்லதும் உண்டு, குவார்தியா சான்ஃப்ரமோந்தியின் லா குவார்தியென்ஸே போல. ஆனால் வெறும் ஃபலாங்கினா என்று மட்டும் போட்டு ஊர் சொல்லாத பாட்டில்களும் சந்தையில் ஏராளம். அவற்றில் வாசனையும் இல்லை, உவர்ப்பும் இல்லை. இன்னொன்று, இதை வாங்கி வைக்க வேண்டாம். சில தோட்டத்து ஒயின்கள் நாலைந்து வருடம் தாங்கும் என்றாலும், பொதுவாக அறுத்த ஆண்டிலிருந்து இரண்டு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

## க்ரெகோ தி துஃபோ: தக்காளிக்கும் எண்ணெயில் பொரித்ததற்கும்

நேபிள்ஸிலிருந்து கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் மலை தொடங்குகிறது. அவெல்லினோ மாவட்டம், இர்பினியா. தெற்கு இத்தாலி என்றால் கொதிக்கும் வெயில் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஊர் ஆச்சரியம் தரும். குளிர்காலத்தில் பனி விழும். திராட்சை அறுவடை அக்டோபர் வரை இழுக்கும். பகல் சூட்டில் பழம் பழுக்கிறது, இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் தங்குகிறது.

துஃபோவும் சுற்றியுள்ள ஏழு ஊர்களும், ஆக எட்டு ஊர்கள் மட்டுமே க்ரெகோ தி துஃபோ என்று போட்டுக்கொள்ளலாம். துஃபோவில் 1866-இல் கந்தகம் கண்டுபிடித்து, நூறு வருடத்துக்கு மேல் சுரங்கம் நடத்தினார்கள். அதனால் இந்த ஒயினில் சில சமயம் வரும் தீக்குச்சி உரசிய வாசனையை மண்ணின் கந்தகம் என்று பலர் சொல்வார்கள். மண்ணில் இருப்பது அப்படியே கோப்பைக்கு ஏறிவருவதில்லை. க்ரெகோ சாறு காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பாகும் சுபாவம் உடையது. அதனால் ஆலையில் காற்றே படாமல் காக்கிறார்கள். அப்படிக் காக்கும்போது ஒயினில் இந்த வாசனை வருவது வழக்கம். கோப்பையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

கோப்பையைப் பார்த்ததும் க்ரெகோவைக் கண்டுபிடிக்கலாம். மற்ற இரண்டும் வெளிறிய வைக்கோல் நிறம், இது பொன் நிறத்துக்குப் பக்கத்தில். பீச், பேரிக்காய், முடிவில் பாதாம் கசப்பு. புளிப்பு மூன்றில் இதற்குத்தான் அதிகம். அதைவிட முக்கியம் வாயில் அது பிடிக்கிற பிடிப்பு. பால் விடாத டீயைக் குடித்தபின் நாக்கில் நிற்குமே, அந்த மாதிரி. வெள்ளை ஒயினில் இந்தப் பிடிப்பு கிடைப்பது அபூர்வம். எண்ணெயையும் தக்காளியையும் எதிர்த்து நிற்க இதற்கு வலு வருவது அங்கிருந்துதான்.

பொல்போ அல்லா லூச்சானா என்று நேபிள்ஸின் சாந்தா லூச்சியா மீனவர் பகுதியின் பெயரில் ஒரு ஆக்டோபஸ் குழம்பு உண்டு. தக்காளி, கருப்பு ஆலிவ், கேப்பர், பூண்டு போட்டு மூடி, ஆக்டோபஸ் விட்ட தண்ணீரிலேயே வேகவிடுவார்கள். தக்காளிப் புளிப்பு, ஆலிவ் கசப்பு, கேப்பர் உப்பு மூன்றும் ஒரே தட்டில். ஃபலாங்கினா இதற்கு முன் காணாமல் போகும். ஃபியானோவின் நுண்ணிய வாசனை தக்காளியில் மூழ்கும். க்ரெகோ ஒன்றுதான் தலை நிமிர்ந்து நிற்கும். கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளியும் சீஸும் அடுக்கி அடுப்பில் வைக்கும் பார்மிஜானாவுக்கும், கிறிஸ்துமஸ் முந்தைய இரவு பொரிக்கும் உப்புக்கண்ட மீனான பக்கலாவுக்கும் இதைத் தவிர வேறு நினைக்க வேண்டாம். சைவர்கள் கவனிக்க: நேபிள்ஸில் நீங்கள் அதிகம் சாப்பிடப்போவது கத்தரிக்காய், தக்காளி, சீஸ்தான். உங்கள் ஒயின் க்ரெகோ.

பீட்சாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பீர்தான் குடிக்கிறார்கள். ஒயின்தான் வேண்டும் என்றால் மார்கெரீட்டாவுக்கும் க்ரெகோ சரிவரும்.

மறைந்த செலவு இங்கே காற்று. திறந்த பாட்டிலை மறுநாளே முடித்துவிட வேண்டும், மூன்றாம் நாள் ஆப்பிள் அறுத்து வைத்த வாடை வரும். கடையில் வெளிச்சம் படும்படி நிற்கவைத்திருக்கும் பழைய பாட்டிலை வாங்காதீர்கள். நல்ல தயாரிப்பாளரின் க்ரெகோ பல வருடம் அழகாக முதிரும், ஆனால் அது இருட்டில் குளிராக வைத்த பாட்டில். கிளாஸ் கணக்கில் வாங்கும்போது, பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்பதில் தவறில்லை. பச்சை மீனுக்கும் சின்ன இறாலுக்கும் இதைத் தவிர்த்துவிடலாம், அந்தப் பிடிப்பு மீனை அடித்துப்போடும்.

## ஃபியானோ தி அவெல்லினோ: சீஸுக்கும் காத்திருப்பவர்களுக்கும்

இதுவும் அதே இர்பினியா மலைதான். அவெல்லினோவைச் சுற்றி 26 ஊர்கள். அவற்றில் லாப்பியோ, மோந்தெஃப்ரெதானே, சும்மோந்தெ ஆகிய மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அட்டையில் கண்டால் எடுக்கலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தத் திராட்சை அழியும் நிலைக்குப் போனது. நிறைய விளையும் வேறு ரகங்களை நடச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொன்ன காலத்தில், ஃபியானோவையும் க்ரெகோவையும் விடாமல் பிடித்துக்கொண்டு காப்பாற்றியவர் அத்ரிபால்தாவின் அந்தோனியோ மஸ்த்ரொபெரார்தீனோ. 2014-இல் இறந்தார். இன்று நமக்குத் தேர்ந்தெடுக்க மூன்று பெயர்கள் இருப்பதில் அவர் பங்கு பெரிது.

இளம் ஃபியானோவைக் குடித்துவிட்டு "இதற்கா இந்தப் பேச்சு?" என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். முதல் வருடத்தில் அது வாய் திறக்காது. கொஞ்சம் பேரிக்காய், கொஞ்சம் பூ வாசனை, நிறையப் புளிப்பு. மூன்றாவது, நான்காவது வருடத்தில் வறுத்த ஹேசல்நட் வருகிறது. அவெல்லினோ மலையே ஹேசல்நட் தோப்புக்குப் பேர்போனது என்பது இங்கே இனிய பொருத்தம். பிறகு தேன், காய்ந்த மூலிகை, மெல்லிய புகை. நல்ல வருடத்து நல்ல தோட்டத்துப் பாட்டில் பத்து வருடம் தாண்டியும் நிற்கும். மரப் பீப்பாய் பெரும்பாலும் இல்லை, எஃகுத் தொட்டியிலேயே ஆனது. அந்தப் புகையும் தேனும் திராட்சையிலிருந்து வருகின்றன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

அந்த முதிர்ந்த ஃபியானோவுக்கு முன் பால் சார்ந்த எதை வைத்தாலும் பொலிவு கூடும். நெரானோ என்ற கடலோரக் கிராமத்தில் வெள்ளரி போலிருக்கும் சுக்கினிக் காயைப் பொரித்து, சோரென்தோ தீபகற்பத்தின் ப்ரொவொலோனே தெல் மோனாக்கோ சீஸோடு ஸ்பகெட்டியில் கலந்து தருவார்கள். சீஸின் கொழுப்பை ஃபியானோவின் புளிப்பு அறுக்கிறது, சுக்கினியின் வறுத்த வாசனையோடு ஹேசல்நட் வாசனை கைகோக்கிறது. எருமைப் பால் மொஸரெல்லா, புகையூட்டிய ப்ரொவொலா சீஸ் போட்ட உருளைக்கிழங்குப் பாஸ்தா, உப்புக்கூட்டில் சுட்ட முழு மீன், எலுமிச்சையோடு சுட்ட கோழி என்று இதன் எல்லை அகலம். தக்காளியும் வினிகரும் இல்லாத பெரும்பாலான தட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் மறையும் செலவு காலம். உணவகங்கள் பெரும்பாலும் புதிய ஆண்டையே விற்கின்றன, முதிர்ந்த ஆண்டு இருந்தால் விலை ஏறும். வீட்டுக்கு வாங்கினால் இருட்டான, குளிர்ச்சியான இடமும் மூன்று வருடப் பொறுமையும் வேண்டும். அடுத்தது குளிர். ஐஸ் வாளியில் போட்டு ஆறு டிகிரியில் ஊற்றினால் கொடுத்த காசு முழுக்க வீண், வாசனையே வராது. பத்திலிருந்து பன்னிரண்டு டிகிரி வேண்டும். வாளியிலிருந்து எடுத்து மேசையில் வையுங்கள். கால் மணி நேரத்தில் அதே கோப்பை வேறு ஒயினாக மாறும்.

அட்டையையும் முழுதாகப் படியுங்கள். வெறும் ஃபியானோ என்றோ ஃபியானோ காம்பானியா என்றோ இருந்தால் அது அவெல்லினோ மலையிலிருந்து வந்தது என்பதற்கு உறுதியில்லை. தெற்கே சிலெந்தோ கடற்கரையிலும் ஃபியானோ விளைகிறது. பழுத்து, அகலமாக, இளமையிலேயே இனிமையாக இருக்கும். அது கெட்டதல்ல, வேறு ஒயின். பக்கத்துப் பிராந்தியமான புல்யாவின் மினுதோலோவை ஃபியானோ என்று சேர்த்துச் சொல்வதுண்டு, அது வேறு திராட்சையே.

## ஒரே பார்வையில்

| | ஃபலாங்கினா | க்ரெகோ தி துஃபோ | ஃபியானோ தி அவெல்லினோ |
|---|---|---|---|
| புளிப்பு | நடுத்தரம், எலுமிச்சைச் சாயல் | மிகக் கூடுதல் | கூடுதல், ஆனால் மறைந்து நிற்கும் |
| கனம் | மெல்லியது | கனம், வாயில் பிடிப்பு | நடுத்தரம், வயதோடு கூடும் |
| குடிக்கும் வயது | 1–2 வருடம் | 2–5 வருடம் | 3–10 வருடம் |
| குளிர்ச்சி | 8 டிகிரி | 10 டிகிரி | 10–12 டிகிரி |
| கடை விலை, தோராயமாக | 7–14 யூரோ | 12–20 யூரோ | 12–22 யூரோ |
| பொருந்துவது | மட்டி, சிப்பி, நெத்திலி, மீன் வறுவல் | ஆக்டோபஸ் குழம்பு, கத்தரிக்காய்ப் பார்மிஜானா, பக்கலா | மொஸரெல்லா, நெரானோ ஸ்பகெட்டி, சுட்ட மீன், கோழி |
| தவிர்க்க | தக்காளிக் குழம்பு, கனத்த சீஸ் | பச்சை மீன் | தக்காளி, வினிகர் |
| மறைந்த செலவு | தர வேறுபாடு | திறந்தால் நிற்காது | காத்திருப்பு |

விலை இத்தாலியக் கடையில் உள்ளது. உணவகத்தில் அதே பாட்டில் இரண்டு மூன்று மடங்கு ஆவது சகஜம்.

## மூன்றும் தடுமாறும் இடங்கள்

வினிகரில் ஊறிய சுக்கினி ஸ்காபேச்செ வந்தால் ஒயினை ஒதுக்கிவைத்துத் தண்ணீர் குடியுங்கள். மாட்டிறைச்சியும் வெங்காயமும் மணிக்கணக்கில் வெந்து கரைந்த ஜெனொவெசே பாஸ்தாவுக்கு அவெல்லினோ மலையிலேயே விளையும் அலியானிகோ என்ற சிவப்பு ஒயின்தான் சரி. இஸ்கியா தீவுக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் மறந்துவிட்டு அந்தத் தீவின் வெள்ளை ஒயினான பியாங்கொலெல்லாவைக் கேட்கலாம், தீவின் மீனுக்கு அது பழகிய துணை.

## மேசையில் நான்கு பேர், நான்கு தட்டுகள் என்றால்

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் மட்டி, ஒருவர் பார்மிஜானா, ஒருவர் சுட்ட மீன், இன்னொருவர் சீஸ் பாஸ்தா. இரண்டு பாட்டில் வாங்க முடிந்தால், முன்னுணவோடு ஃபலாங்கினாவில் தொடங்குங்கள். பசியோடு குடிக்கும் முதல் கோப்பைக்கு அந்த லேசான உவர்ப்பு நல்லது. இரண்டாவது பாட்டிலை முக்கியத் தட்டின் நிறம் முடிவு செய்யட்டும். மேசையில் சிவப்பு அதிகம் என்றால் க்ரெகோ. வெள்ளை அதிகம் என்றால், மூன்று வயதுக்கு மேற்பட்ட ஃபியானோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் முதல் பாட்டில் வரும்போதே அதையும் திறந்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே பாட்டில்தான் என்றால் நான் க்ரெகோ எடுப்பேன், அறுத்து இரண்டு மூன்று வருடம் ஆனதாக. மட்டிக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் தாங்கும். மற்ற மூன்று தட்டுகளிலும் ஒன்றையும் கெடுக்காது. நான்கு பேர் சேர்ந்தால் பாட்டில் அன்றே காலியாகிவிடும், திறந்தால் நிற்காது என்ற குறையும் கணக்கில் வராது.